ஆரஞ்சுத் தொப்பிகள்

கையெட்டும் தூரத்தில் தோற்றவர்கள் - 9

2003 ஜூலை மாதத்தின் முதல் புதன்கிழமை மாலை, அமெரிக்காவின் நூற்றுக்கணக்கான ஊர்களில் முன்பின் பழக்கமில்லாதவர்கள் காபிக் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் கூடி உட்கார்ந்து கடிதம் எழுதினார்கள். அச்சடித்த கடிதம் கூடாது, கையால்தான் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. அயோவா மாநிலத்தில் இருக்கும் ஒரு வாக்காளரின் பெயரும் முகவரியும் ஒவ்வொருவர் கையிலும் இருந்தன. ஹோவர்ட் டீனை நான் ஏன் ஆதரிக்கிறேன் என்று அந்த முகம் தெரியாதவருக்குச் சொந்த வார்த்தைகளில் சொல்ல வேண்டும்.

அந்த மேசைகளை நினைக்கும்போது எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான் வருகிறது. அவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்ல. அதுவரை அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் அவர்களில் ஏராளம். வேலை முடிந்து வந்து, கை வலிக்க எழுதினார்கள். அந்த உழைப்பும் அன்பும் எப்படி அவர்களுடைய வேட்பாளருக்கே பாரமாகிப்போயின என்பதுதான் இந்த வாரக் கதை.

டீன் ஒரு மருத்துவர். வெர்மாண்ட் என்ற குட்டி மாநிலத்தின் ஆளுநராகப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். அதிபர் தேர்தலில் ஜார்ஜ் புஷ்ஷை எதிர்க்க ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யார் என்ற போட்டியில் 2003 தொடக்கத்தில் அவரை யாரும் கணக்கில் வைக்கவில்லை. கெர்ரி, எட்வர்ட்ஸ், கெப்ஹார்ட் என முன்வரிசையில் நின்ற மூவரும் இராக் போருக்கு அனுமதி தரும் தீர்மானத்தை நாடாளுமன்றத்தில் ஆதரித்து வாக்களித்திருந்தார்கள். டீனோ அந்தப் போரை மேடைக்கு மேடை எதிர்த்தார். சொந்தக் கட்சித் தலைவர்கள்மேல் கடுங்கோபத்தில் இருந்த தொண்டர்களுக்கு அந்தக் குரல் போதுமானதாக இருந்தது.

மீட்டப் என்ற இணையதளம் வழியாக அவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். சில நூறு பேராகத் தொடங்கிய கூட்டம் ஆண்டு முடிவதற்குள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. ஜூலை கடைசியில் துணை அதிபர் டிக் செனி தட்டுக்கு 2,000 டாலர் கட்டணம் வைத்த நிதி விருந்து ஒன்றுக்குப் போனார். டீன் கணினி முன்னால் உட்கார்ந்து வான்கோழி சாண்ட்விச் சாப்பிட்டார். எங்களோடு சாப்பிட வாருங்கள் என்று பிரசாரக் குழு அழைத்தது. செனியின் விருந்தில் சேர்ந்ததைவிட அதிகமாக, ஏறத்தாழ 5 லட்சம் டாலர், சிறு சிறு தொகைகளாக வந்து குவிந்தது. அந்த ஆண்டின் மூன்றாவது காலாண்டில் மட்டும் டீன் திரட்டியது 1 கோடியே 48 லட்சம் டாலர். ஒரு காலாண்டில் எந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் அதற்கு முன் அவ்வளவு திரட்டியதில்லை.

இந்தப் பணம் வந்த விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இணையப் பக்கத்தில் பேஸ்பால் மட்டையின் படம் ஒன்று இருக்கும். பணம் சேரச் சேர அது நிரம்பும். இலக்கு முடிந்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் மகிழ்ந்து எழுதுவார்கள். பிரசார வலைப்பதிவில் யாராவது டீனைக் குறைசொல்லி எழுதிவிட்டால் ஆதரவாளர்கள் அவரோடு மல்லுக்கு நிற்பதில்லை; அவர் எழுதும் ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு தருகிறேன் என்று நன்கொடை அறிவிப்பார்கள். எதிரியின் வசவையே காசாக்கிய அந்த யுக்தியை அப்போது எல்லோரும் கொண்டாடினார்கள். கேட்க வேண்டிய குறையும் அதோடு சேர்ந்து அடிபட்டுப் போனதை யாரும் கவனிக்கவில்லை. தாக்குதல் வரும்போதெல்லாம் மட்டை நிரம்பியது. மட்டை நிரம்பும்வரை பிரசாரம் நன்றாகப் போகிறது என்றே உள்ளே இருந்தவர்களுக்குத் தோன்றியது.

டிசம்பரில் முன்னாள் துணை அதிபர் அல் கோர் டீனுக்கு ஆதரவு தெரிவித்தார். கருத்துக்கணிப்புகளில் டீன் முதலிடத்துக்கு வந்தார். எல்லாம் கூடி வந்துவிட்டதுபோல் இருந்தது.

ஆனால் முதல் வாக்கு விழ வேண்டிய இடம் அயோவா. அப்போது அங்கே நடந்தது ரகசிய வாக்குப்பதிவு அல்ல, காக்கஸ். ஜனவரிக் குளிரில், மாலை ஆறரை மணிக்கு, பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ தீயணைப்பு நிலையத்திலோ ஊர்க்கூட்டம்போல ஒன்றுகூட வேண்டியிருந்தது. மாநிலம் முழுக்க ஏறத்தாழ 2,000 இடங்களில் ஒரே நேரத்தில் கூட்டம் நடக்கும். கெர்ரியை ஆதரிப்பவர்கள் ஒரு மூலையிலும் டீனை ஆதரிப்பவர்கள் இன்னொரு மூலையிலும் எல்லோர் கண்ணும் பார்க்க நிற்பார்கள். பெரும்பாலான இடங்களில் வந்தவர்களில் 15 சதவீதம் சேராத அணி கலைய வேண்டியதுதான். கலைந்தவர்களை மற்ற அணிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு எங்கள் பக்கம் வாருங்கள் என்று பேசுவார்கள். பேசுபவர் பக்கத்துத் தெருக்காரராக, பிள்ளைக்குப் பாடம் சொல்லும் ஆசிரியராக, போன வருஷம் கூரையைச் சரிசெய்ய உதவியவராக இருப்பார். அவர் முகத்துக்காக ஒருவர் நகர்ந்து போய் நிற்பார்.

ஆகவே காக்கஸில் ஜெயிக்க வெறித்தனமான முதல் விருப்பம் மட்டும் போதாது. டீன் இல்லாத அணியில் நிற்பவர், அது கலைந்ததும் பரவாயில்லை, டீனிடம் போகலாம் என்று நினைக்க வேண்டும். அந்தப் பரவாயில்லையைச் சம்பாதிக்கும் வேலையைத்தான் டீனின் ஆதரவாளர்கள் செய்யவில்லை.

அதற்கு மாறாக அவர்கள் படையெடுத்து வந்தார்கள். கடைசி வாரங்களில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் சுமார் 3,500 தொண்டர்கள் அயோவாவில் வந்து இறங்கினார்கள். முழுப் புயல் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். பளீரென்ற ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பி அவர்களின் அடையாளம். தூரத்திலிருந்தே ஒருவரையொருவர் கண்டு கையசைத்துக்கொள்ளத் தோதான நிறம். வீட்டுக்காரர் கதவைத் திறந்தால் அவருக்கும் ஒரு விஷயம் உடனே தெரிந்துவிடும்: இவர் நம்மூர் ஆள் இல்லை.

வீடு வீடாகப் போகிறவர்கள் ஒவ்வொரு வாக்காளருக்கும் ஓர் எண் போடுவது அமெரிக்கப் பிரசார வழக்கம். ஒன்று என்றால் உறுதியான ஆதரவு. அயோவாக்காரர்கள் முகத்தில் அடித்தாற்போல் பேச மாட்டார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கும் வெளியூர்ப் பிள்ளையிடம், ஆமாம், டீன் நல்லவர்தான், யோசிக்கிறோம் என்று சொல்லி அனுப்புவார்கள். கேட்கும் பிள்ளைக்கோ ஆறு மாதமாக டீனைப் பிடிக்காத மனிதரையே தெரியாது. அவர் மனசுக்கு அது ஒன்றாகத்தான் பட்டிருக்கும். அப்படிச் சேர்ந்த ஒன்றுகளின் கூட்டுத்தொகையை நம்பித்தான் தலைமையகம் கடைசி வாரத்தில் நடந்துகொண்டது. ஜனவரி 17 அன்று வெளிவந்த ‘டெ மாய்ன் ரெஜிஸ்டர்’ நாளிதழின் கணிப்பு கெர்ரிக்கு 26, எட்வர்ட்ஸுக்கு 23, டீனுக்கு 20 என்றது. மறுநாள், காக்கஸுக்கு முதல் நாள், டீன் அயோவாவை விட்டு விமானம் ஏறி ஜார்ஜியாவில் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரோடு தேவாலயத்துக்குப் போய்வந்தார்.

தங்கள் குரலையே திரும்பக் கேட்கும் இந்த எதிரொலி தொண்டர்களோடு நிற்பதில்லை. அது வேட்பாளரையும் மாற்றிவிடும். ஜனவரி 11 அன்று ஓல்வைன் என்ற சிற்றூரில் நடந்த கூட்டத்தில் வயதான ஒருவர் எழுந்தார். குடியரசுக் கட்சிக்காரர், ஓய்வுபெற்றவர். அயலாரை நேசி என்பதை நினைவூட்டி, அதிபரை இப்படித் திட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா என்ற பொருளில் கேட்டார். புஷ் என் அயலார் இல்லை என்றார் டீன். அவர் விடாமல் பேச முயன்றதும், உட்காருங்கள், நீங்கள் பேசியாயிற்று, இனி நான் பேசுகிறேன் என்று அதட்டினார். கூட்டம் கைதட்டியது.

அந்தக் கைதட்டலைத்தான் நான் பெரிய விபத்தாகக் கருதுகிறேன். டீன் கொதிப்பது கூட்டத்துக்குப் பிடித்திருந்தது. கொதித்தால் தட்டுவார்கள் என்று அவருக்கும் பத்து மாதமாகப் பழகியிருந்தது. அன்று இரவு அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த அயோவாக்காரருக்குத் தெரிந்தது அதட்டல் வாங்கிய ஒரு முதியவரின் முகம். காக்கஸுக்கு வந்தவர்களில் முதியவர்கள் கணிசமானவர்கள். அரங்கில் ஒருவராவது முகம் சுளித்திருந்தால், அன்றைக்கே யாராவது டீனிடம் போய் இது தப்பு என்று சொல்லியிருந்தால், அந்த மனிதர் கேட்டிருப்பார் என்றுதான் நம்புகிறேன்.

கெர்ரியின் ஆட்கள் வேறு வேலையில் இருந்தார்கள். பணம் வற்றிப்போய், பாஸ்டன் வீட்டை அடமானம் வைத்து 60 லட்சம் டாலருக்கு மேல் கடன் வாங்கியிருந்தார் கெர்ரி. காக்கஸுக்கு இரண்டு நாள் முன்பு ஜிம் ராஸ்மன் என்பவர் அயோவாவுக்கு வந்து மேடை ஏறினார். 1969-ல் வியட்நாம் ஆற்றில் விழுந்து துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே தத்தளித்த அவரைப் படகுக்குள் இழுத்துப்போட்டவர் கெர்ரி. ராஸ்மன் குடியரசுக் கட்சிக்காரராகப் பதிவு செய்திருந்தவர். தானாகவே தொலைபேசியில் அழைத்து வந்தவர். எதிரணிக்காரர் ஒருவர் வந்து தழுவிக்கொண்டதை அந்த மாநிலமே பார்த்தது.

ஜனவரி 19 இரவு முடிவு வந்தது. கெர்ரி 38 சதவீதம், எட்வர்ட்ஸ் 32, டீன் 18. புதியவர்களைக் காக்கஸுக்கு வரவழைத்தால் ஜெயித்துவிடலாம் என்பது டீன் பிரசார மேலாளர் ஜோ டிரிப்பியின் கணக்கு. புதியவர்கள் வரத்தான் செய்தார்கள். 2000-ம் ஆண்டைப்போல ஏறத்தாழ இரு மடங்கு கூட்டம். வந்து கெர்ரி பக்கம் நின்றார்கள். இளைஞர்களிடையேகூட டீன் இரண்டாவதுதான்.

அன்றைய இரவின் அலறலைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெஸ்ட் டெ மாய்னில் வால்-ஏர் நடன அரங்கம். ஆரஞ்சுத் தொப்பிகளோடு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் காத்திருந்தார்கள். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு டீன் மேடையேறி, அடுத்து ஜெயிக்கப்போகும் மாநிலங்களை ஒவ்வொன்றாகக் கூவினார். கடைசியில் தொண்டை கிழிய ஒரு கத்தல். அடுத்த நான்கு நாட்களில் அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அதை 600 தடவைக்கு மேல் ஒளிபரப்பின. அந்த அலறலால்தான் டீன் தோற்றார் என்று சொல்வது தவறு. அவர் தோற்ற பிறகுதான் அலறினார்.

என் அக்கறை அவர் கையில் இருந்த மைக்கில் இருக்கிறது. சுற்றுப்புறச் சத்தத்தை வடிகட்டி, வாய்க்கு நேரே வரும் குரலை மட்டும் எடுக்கும் வகை அது. அரங்கில் இருந்த இரைச்சலில் அவர் கத்தியது பக்கத்தில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. அந்த உற்சாகத்துக்கு ஈடுகொடுக்கத்தான் அவர் குரலை உயர்த்தினார். வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்ததோ கூட்டத்தின் சத்தம் அறவே நீங்கிய ஒற்றைக் குரல். பிறகு சில தொலைக்காட்சிகளே அரங்கின் ஒலியோடு அதை மறுபடி போட்டுக்காட்டி விளக்கின. நாங்கள் அங்கேயே இருந்தோம், அப்படியெல்லாம் எதுவும் கேட்கவில்லை என்று ஆதரவாளர்கள் மன்றாடினார்கள். அவர்கள் சொன்னது முழு உண்மை. வாக்குப் போட வேண்டியவர்களில் யாரும் அந்த அரங்கில் இல்லை என்பதும் உண்மை.

தோல்வி முழுவதையும் ஆதரவாளர்கள் தலையில் கட்டுவது நியாயமாகாது. டீனும் கெப்ஹார்ட்டும் விளம்பரங்களில் மாறிமாறிச் சேற்றை வாரி இறைத்ததில் இருவருமே சரிந்தார்கள். சதாம் பிடிபட்டதால் அமெரிக்காவுக்குப் பாதுகாப்பு கூடிவிடவில்லை என்று டீன் சொன்னதற்காக வாங்கிக்கட்டிக்கொண்டதும், காக்கஸ் முறையையே அவர் பழித்துப் பேசிய பழைய ஒளிப்பதிவு ஜனவரியில் வெளிவந்ததும் சேர்ந்துகொண்டன. ஆனால் இவையெல்லாம் எந்த வேட்பாளருக்கும் வரக்கூடிய அடிகள். அடி விழும்போது வலிக்க வேண்டும். வலித்தால்தான் தடவிப்பார்த்து மருந்து போட முடியும். டீனைச் சுற்றி அன்பால் எழுப்பியிருந்த சுவர் அந்த வலியை உள்ளே விடவில்லை. பிப்ரவரி 18 அன்று, ஒரு மாநிலத்தில்கூட ஜெயிக்காத நிலையில், அவர் போட்டியிலிருந்து விலகினார்.

ஓராண்டு கழித்து ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைவரான டீன் செய்த முக்கியமான காரியம், கட்சி எப்போதும் தோற்கும் மாநிலங்களிலும் சம்பளத்துக்கு உள்ளூர் ஆட்களைப் போட்டது. ஐம்பது மாநிலத் திட்டம் என்று அதற்குப் பெயர். பணத்தை வீணடிக்கிறார் என்று கட்சிப் பெரியவர்களே சண்டைக்கு வந்தார்கள், அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய பிரசாரத்தில் இணைய வேலை பார்த்த இளைஞர்கள் சிலர் தொடங்கிய நிறுவனம் பின்னர் ஒபாமாவின் இணையப் பிரசாரத்துக்குத் துணை நின்றது. அந்தப் பிரசாரம் அயோவாவில் ஒவ்வொரு காக்கஸ் வட்டாரத்துக்கும் அந்தந்த ஊர்க்காரரையே பொறுப்பாளராக்கப் பாடுபட்டது. வேறு வேட்பாளரை விரும்புபவரிடமும் பணிவாகப் பேசிவிட்டு வரவேண்டும், அவருடைய இரண்டாவது விருப்பம் நமக்கு வேண்டும் என்பது அங்கே தொண்டர்களுக்குச் சொல்லப்பட்ட பாடம். 2008 ஜனவரி 3 அன்று அதே அயோவாவில் ஒபாமா 38 சதவீதம் பெற்று ஜெயித்தார்.

அடுத்த வாரம் 1936-க்குப் போவோம். 20 லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று சொன்ன ஒரு வார இதழின் கதை.

(தொடரும்)