துருப்பு திறக்கும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து, வெற்றிலை போட்டு, ஊர் கண்ணயரும் வேளை. தாமிரபரணிக் கரையோரம் ஒரு தெருவில், திண்ணையில் நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு கிழிந்த ஜமக்காளம். திடீரென்று ஒரு குரல் கிளம்புகிறது.

"அண்ணாச்சி, துருப்பைக் காட்டுங்க!"

"பொறுடே! இது ஒன் முறையா?"

அவ்வளவுதான். சொல்லுக்குச் சொல் ஏறுகிறது. பந்தயப் பணம் ஒரு காசுகூடக் கிடையாது. ஆனாலும் இப்படிப்பட்ட ஒரு சச்சரவினால் மாமனும் மச்சானும் மாதக்கணக்கில் முகங்கொடுத்துப் பேசாமல் போவதுண்டு. அப்படி என்னதான் இருக்கிறது இந்தச் சீட்டில்?

இருபத்தெட்டின் கணக்கு

ஆட்டத்தின் பெயர் இருபத்தெட்டு. மலைக்கு அப்பால் கேரளத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த ஆட்டம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர்தானே! மலையைத் தாண்டிப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்களுக்குச் சீட்டாட்டம் மட்டும் அந்நியமாகிவிடுமா?

ஏழு முதல் ஆஸ் வரை 32 சீட்டுகள். எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒன்றுமில்லை! ஒரு சாதிக்கு 7 புள்ளி; நான்கு சாதிக்கு 28. முதல் நான்கு சீட்டு கைக்கு வந்ததும் கேள்வி நடக்கும். அதிகம் கேட்டவர் தம் கையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கவிழ்த்து வைப்பார். அந்தச் சாதிதான் துருப்பு. அது இன்னதென்று அவர் ஒருவருக்கே தெரியும்.

இறங்கிய சாதி தம்மிடம் இல்லாதவர், தம் முறை வரும்போது, "துருப்பைக் காட்டு" என்று கேட்கலாம். கேட்காமல் வேறொரு சீட்டைக் கழித்தும் விடலாம். இங்கேதான் சூட்சுமம். முந்திக் கேட்டால் ரகசியம் எல்லோருக்கும் அம்பலமாகும். பிந்தினால் எதிரியின் ஜாக்கி தப்பிவிடும். முறை வருமுன் வாயைத் திறந்தாலோ, "என்னிடம் இந்தச் சாதி இல்லை" என்று கூட்டாளிக்குச் சாடை காட்டியதாகிவிடும். ஆகவேதான் "இது ஒன் முறையா?" என்ற அதட்டல்.

ராஜா வெட்டா, கழிவா?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. முதல் ஆள் கிளாவர் பத்தை இறக்குகிறார். இரண்டாமவரிடம் கிளாவர் இல்லை. துருப்பைக் கேட்காமலே இஸ்பேட் ராஜாவைக் கழிக்கிறார். மூன்றாமவரிடமும் கிளாவர் இல்லை. அவர் கேட்கிறார். கவிழ்த்த சீட்டு நிமிர்கிறது. இஸ்பேட்! அவர் இஸ்பேட் எட்டால் வெட்டுகிறார். நான்காமவரிடம் இருந்த ஒரே கிளாவர் ஜாக்கி. வேறு வழியின்றி அதைப் போடுகிறார்.

பத்துக்கு 1, ஜாக்கிக்கு 3, ஆக நான்கு புள்ளி. யாருக்கு? "என் ராஜா எட்டைவிடப் பெரிசு" என்கிறார் இரண்டாமவர். "நீர் போட்டபோது அது துருப்பே இல்லையே வே!" என்கிறார் மூன்றாமவர். திறந்த கணத்திலிருந்துதான் துருப்புக்கு அதிகாரம் என்பது ஒரு கட்சி. அந்தச் சுற்று முழுவதற்கும் உண்டு என்பது மறு கட்சி. கேட்கத் துணியாதவருக்குப் பலன் எதற்கு என்று பார்த்தால் முதல் கட்சியில் நியாயம் அதிகம். ஆனால் எது வழக்கம் என்பதைச் சீட்டுப் போடுமுன் பேசிக்கொள்ள வேண்டும். போட்ட பின்பு அல்ல.

கடல் கடந்த தீர்ப்பு

ஈழத் தமிழர் ஆடும் முந்நூற்று நாலில் இந்தத் தகராறுக்கே இடமில்லை. அங்கே ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. சாதிக்கு 76; நான்கு சாதிக்கு 304. துருப்பு மூடியிருக்கும்போது, இறங்கிய சாதி இல்லாதவர் தம் சீட்டைக் கவிழ்த்தே போடலாம். வெட்டா, கழிவா என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. நான்கு சீட்டும் விழுந்த பிறகு, துருப்பு வைத்தவர் கவிழ்ந்தவற்றை எடுத்துப் பார்ப்பார். துருப்பு இருந்தால் எல்லாம் வெளிச்சத்துக்கு வரும். பெரிய துருப்புக்கே வெற்றி. இல்லாவிட்டால் ரகசியம் நீடிக்கும்.

ராஜாவை ஜாக்கி வெல்லும் இந்த விசித்திரத்தைச் சீட்டாட்ட வரலாறு எழுதுவோர் டச்சுக்காரரின் ஆட்டங்களோடு உறவுபடுத்துகிறார்கள். 1658இல் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தவர்கள் அவர்களே. அவர்கள் நாட்டு ஆட்டத்தில் துருப்பு ஒன்பதுக்குப் பெயர் என்ன தெரியுமா? 'நெல்'! நெல்லைக்காரர்கள் சிரித்துக்கொள்ளலாம், பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்.

பேரன் கையிலும் அதே கேள்வி

தாத்தாவின் வழக்கு பேரனையும் விடவில்லை. 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 'மாஜிக்' என்ற படச்சீட்டு ஆட்டத்தை வெளியிட்டார். அதில் ஒருவர் போடும் மந்திரத்தை இன்னொருவர் எதிர்ச்சீட்டால் முறிக்கலாம். பலர் ஆடும்போது யார் முந்துவது? 1999இல் விதியைச் சீர்படுத்தினார்கள். போட்ட சீட்டு உடனே பலிக்காது. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் வரிசைப்படி பதில் சொல்ல வாய்ப்பு உண்டு. பதில்கள் தட்டின்மேல் தட்டாக அடுக்கப்படும். எல்லோரும் "போதும்" என்ற பிறகு மேல்தட்டிலிருந்து எடுக்க வேண்டும். கடைசியில் வந்ததே முதலில் பலிக்கும். ஜப்பானியரின் 'யுகியோ' ஆட்டத்தில் சீட்டுகளுக்கு மூன்று வேகங்கள். மூன்றாம் வேகத்து எதிர்ச்சீட்டை அதே வேகத்து எதிர்ச்சீட்டினால்தான் மறிக்க முடியும்.

கத்திக் கேட்டவருக்கு முதலிடம் என்று இந்த ஆட்டங்கள் எதிலும் விதி இல்லை. காத்திருந்து, தம் முறையில் கேட்டவருக்கே இடம். திண்ணையில் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாமனும் மச்சானும் மறுபடி உட்காருவதற்கும் ஒரே வழிதான் உண்டு. சீட்டைக் கலைத்து வைத்துவிட்டு, பங்கிடுமுன் ஒருவர் கேட்க வேண்டும்: "வழக்கம் எப்படி, மச்சான்? முதல்லயே பேசிக்கிடுவோமா?"

அதைக் கேட்பதற்கு மட்டும் யாரும் முறை பார்க்க வேண்டியதில்லை.