பெர்லினில் மகளிர் தினம் அரசு விடுமுறை... அம்மாவுக்கும் லீவு உண்டா?

இப்படிக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. கணவருக்கு ஐ.டி வேலை கிடைச்சு, குடும்பத்தோட பெர்லினுக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகுது. மூத்தவளுக்கு நாலு வயசு, சின்னவனுக்கு ஒன்றரை. மார்ச் 7 ராத்திரி ஃபிரிட்ஜைத் திறந்தால் பால் இல்லை. 'காலையில குழந்தைங்களை கிட்டாவுல விட்டுட்டு வர்றப்ப வாங்கிக்கலாம்' என்று படுத்துவிடுகிறீர்கள். நம்ம ஊர் ப்ளே ஸ்கூல் மாதிரியான இடத்துக்கு அங்கே கிட்டா என்று பெயர்.

மறுநாள் போனால் கிட்டா பூட்டு. சூப்பர் மார்க்கெட்டும் பூட்டு. கதவில் ஒரு வாரமாக ஒட்டியிருந்த ஜெர்மன் நோட்டீஸ் அப்போதுதான் புரிகிறது. இன்னைக்கு மகளிர் தினம். அரசு விடுமுறை!

பெண்களுக்காக விட்ட லீவுல, ரெண்டு குழந்தைங்களோட நாள் முழுக்க வீட்டுக்குள்ள. கூப்பிட்டா ஓடிவர அம்மாவோ அத்தையோ பக்கத்துல இல்லை. 'இது யாருக்கு லீவு?' என்று கேட்கத் தோன்றும்தானே?

லீவு வந்த கதை

ஜெர்மனியில் மார்ச் 8 எல்லா ஊரிலும் விடுமுறை கிடையாது. பெர்லின் மாநிலம் 2019-ல்தான் ஆரம்பித்துவைத்தது. 2023-ல் மெக்லன்பர்க்-ஃபோர்போமர்ன் மாநிலமும் சேர்ந்துகொண்டது.

ஆனால், இந்த நாளுக்கும் ஜெர்மனிக்குமான உறவு நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. 1910-ல் கோபன்ஹேகனில் நடந்த சோஷலிஸ்ட் பெண்கள் மாநாட்டில், பெண்களுக்கென ஆண்டுதோறும் ஒரு நாள் வேண்டும் என்று முன்மொழிந்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் கிளாரா ஜெட்கின். முதல் மகளிர் தினம் 1911 மார்ச் 19-ல் ஜெர்மனி, ஆஸ்திரியா, டென்மார்க், சுவிட்சர்லாந்தில் நடந்தது. அன்று கேட்டது பூங்கொத்து இல்லை... ஓட்டுரிமை! ஜெர்மன் பெண்களுக்கு அது 1918-ல் கிடைத்தது.

மார்ச் 8 என்ற தேதி வந்தது ரஷ்யாவிலிருந்து. 1917-ல் அதே நாளில் பெட்ரோகிராட் துணி ஆலைப் பெண்கள், ரொட்டித் தட்டுப்பாட்டுக்கு எதிராக வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். ஆக, இது வாழ்த்து மெசேஜ் அனுப்பத் தொடங்கிய நாள் இல்லை. 'இன்னைக்கு வேலை செய்ய மாட்டோம்' என்று பெண்கள் சொன்ன நாள்.

ஜெர்மனியிலுமா இப்படி?

'வெளிநாட்டுல ஆம்பளைங்க எல்லாம் வீட்டு வேலை செய்வாங்க' என்று ஊரில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பழைய மேற்கு ஜெர்மனியில், குடும்பக் கடமைகளுக்கு இடைஞ்சல் இல்லாவிட்டால் மட்டுமே மனைவி வேலைக்குப் போகலாம் என்று சட்டமே இருந்தது. அது மாறியது 1977-ல்!

இன்னொரு வேடிக்கை. அங்கே அன்னையர் தினம் மே மாத இரண்டாவது ஞாயிறு. எப்படியும் லீவு நாள்தான். தந்தையர் தினமோ, நாடு முழுக்க அரசு விடுமுறையான ஒரு வியாழக்கிழமையில் வருகிறது. அன்று கைவண்டியில் பீரை ஏற்றிக்கொண்டு நண்பர்களோடு ஊர் சுற்றக் கிளம்புவது பல ஆண்களின் வழக்கம். 'குழந்தையை யார் பார்த்துப்பா?' என்ற யோசனை அவர்களைத் தடுப்பதில்லை. லீவை லீவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நாம் கத்துக்க வேண்டியது அதைத்தான்.

நீங்க அங்கே இருந்தா...

* பால், டயப்பர், காய்கறியை முந்தின நாளே வாங்கிவிடுங்கள். மறந்துட்டீங்களா? பெர்லின் ஹாப்ட்பான்ஹோஃப் போன்ற பெரிய ரயில் நிலையங்களில் சில கடைகள் திறந்திருக்கும்.

* வீடு பெர்லினில், கணவரின் ஆபீஸ் பக்கத்து ஊரான போட்ஸ்டாமிலா? அது வேறு மாநிலம். அவருக்கு அன்று வேலை நாள்! கிட்டா மட்டும் லீவு. காலண்டரை முன்கூட்டியே பார்த்து, அவரை ஒரு நாள் லீவு போடச் சொல்லுங்கள்.

* 'கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க' என்று கேட்காதீர்கள். 'காலையில 9 மணியிலிருந்து 1 மணி வரைக்கும் குழந்தைங்க உங்க பொறுப்பு' என்று நேரம் பிரியுங்கள். சாப்பாடு, டயப்பர், தூங்க வைப்பது எல்லாம் அதில் அடக்கம்.

* அந்த நேரத்தில் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால், 'அம்மா...' என்று கதவைத் தட்டுவார்கள். வெளியே கிளம்பிவிடுங்கள். ஒரு காபி, ஒரு நடை போதும். மார்ச் 8 பேரணியையும் போய்ப் பார்க்கலாம்.

* இல்லையென்றால் அவர்களை வெளியே அனுப்புங்கள். ஆறு வயதுக்குக் கீழ் குழந்தைகளுக்கு பஸ், ரயில் இலவசம். உயிரியல் பூங்கா வருஷம் முழுக்கத் திறந்திருக்கும்.

'அவருக்கு சின்னவனைத் தூங்க வைக்கத் தெரியாதே' என்கிறீர்களா? உங்களுக்கும் முதல் நாள் தெரியாதுதான். நாலு முறை அழவிட்டுத்தானே பழகினீங்க? அவரும் பழகட்டும்.

குழந்தைங்க பார்க்கிறாங்க

நாலு வயசுப் பொண்ணுக்கு ஓட்டுரிமை வரலாறெல்லாம் புரியாது. ஆனால், அப்பா தோசை ஊத்துறதும், அம்மா செருப்பை மாட்டிக்கிட்டு 'ஒரு மணிக்கு வந்துடுறேன்'னு சிரிச்சுக்கிட்டே கிளம்புறதும் நல்லாப் புரியும். அவளுக்கும் அவள் தம்பிக்கும் மகளிர் தினம் அதுதான்.

தோசை கொஞ்சம் கருகியிருக்கலாம். திரும்பி வந்து பார்க்கும்போது வாயைத் திறக்காதீங்க. அதையும் சாப்பிட்டிருப்பாங்க!