குலதெய்வம் கோயிலில் லேப்டாப்: கரண்ட் இல்லாத இரவுக்கு ஒரு கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் கேட்கும் கேள்வி, "கரண்ட் இல்லாத இடத்தில் இது எத்தனை மணி நேரம் ஓடும்?" என்பதுதான். பதில் ஒரு சின்னப் பெருக்கல் கணக்கு.

கோவில்பட்டி பக்கம் கரிசல் காட்டில் எங்கள் சாஸ்தா கோயில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு வேன் பிடித்துப் போய், பொங்கல் வைத்து, இரவு அங்கேயே தங்குவோம். கயத்தாறு பக்கம் வரிசையாகக் காற்றாலைகள் சுற்றுகின்றன. ஆனால் கோயிலில் ஒரு பிளக் பாயின்ட் கிடையாது. எங்கள் வம்சாவளியை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர் பெரியப்பா ஒருவர்தான். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் சொல்லச் சொல்ல, சொந்தக்காரர்கள் சரிபார்க்க, நான் டைப் செய்ய வேண்டும். அதற்கு நான்கு மணி நேரமாவது லேப்டாப் ஓட வேண்டும்.

எவ்வளவு தேவை?

வாட்டை மணி நேரத்தால் பெருக்கினால் வாட்-அவர் கிடைக்கும்.

லேப்டாப்: 25 வாட் x 4 மணி = 100
எல்.இ.டி. பல்பு இரண்டு: 18 வாட் x 6 மணி = 108
செல்போன் நான்கு: 20 x 4 = 80

மொத்தம் 288. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து 340 என்று வையுங்கள்.

எதிலிருந்து எடுப்பது?

வீட்டு யு.பி.எஸ்.ஸைத் தூக்கிக்கொண்டு போகலாமா? சின்ன யு.பி.எஸ்.ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரிதான் இருக்கும். பெருக்கினால் 84. போதாது.

வேன் பேட்டரியையும் தொடாதீர்கள். அது இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கானது. இரவெல்லாம் உறிஞ்சினால் காலையில் வேனைத் தள்ள வேண்டியிருக்கும்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் என்றால் 1200 வாட்-அவர். லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்காமல் இருந்தால் ஆயுள் கூடும். அந்தப் பாதியே 600. நமக்குத் தாராளம்! ஆசிட் சிந்தாமல் நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள்.

300 வாட் இன்வெர்ட்டர் போதும். அதை ஃபியூஸ் வைத்து நேராகப் பேட்டரியில் இணையுங்கள். மிக்சியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மிச்சம் பிடிக்க

லேப்டாப்பை முழுதாக சார்ஜ் செய்து கிளம்புங்கள். திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள். பங்குனி வெயிலில் பூட்டிய வேனுக்குள் லேப்டாப்பை வைக்காதீர்கள்.

ஒவ்வொரு பெயரையும் டைப் செய்ததும் கன்ட்ரோல்-எஸ் அழுத்துங்கள். கிளம்பும் முன் இரண்டு பென் டிரைவில் காப்பி எடுத்து, ஒன்றை இன்னொரு வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்துகொள்ளலாம். பெரியவர்கள் சொன்னது தொலைந்தால் மறுபடி கேட்க முடியாமல் போகலாம்.