கிழட்டு இன்ஜின்கள் – 14: புகை வருதா, இல்லையா?

வேலைக்கு விடும்போது இருமிக்கொண்டாவது ஓடிய கார், வேலை முடிந்ததும் ஒரேயடியாக மறுக்கிறது. டீசல் வண்டிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய எரிச்சல் கிடையாது. ஹெட்டைக் கழற்றி, வால்வு கிரைண்டிங் செய்து, ரிங் மாற்றி, புது கேஸ்கெட் போட்டு, இன்ஜினுக்கு பெயின்ட்கூட அடித்தாயிற்று. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மட்டும் எடுக்கிறது. பட்டறையில் இருக்கும் ஆளுக்கு ஆள் ஒரு காரணம் சொல்கிறார்கள். கடைசியில் யாராவது ஒருவர் தீர்ப்பை வழங்கிவிடுவார்: “அண்ணே, பம்ப் போச்சுண்ணே.”

பெரும்பாலும் போயிருக்காது. ஓடிக்கொண்டிருந்த பம்ப், கழற்றி மேஜையில் வைத்திருந்த நேரத்தில் தானாகக் கெடுவது அபூர்வம். இன்ஜின் வேலைக்குப் பிறகு வருகிற கோளாறை, கை பட்ட இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். எதைக் கழற்றினார்கள், எதை மாட்டினார்கள், எந்த ஒயரை ஒதுக்கிக் கட்டினார்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கும்.

இந்த வாரம் டீசல் அம்பாசிடரை எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரான வண்டி. அதில் வந்த 1489 சிசி டீசல் இன்ஜின், பிரிட்டிஷ் பிஎம்சி கம்பெனியின் ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. சுமார் 37 குதிரைத்திறன்தான். ஏற்காடு மலையேறும்போது பின்னால் வருகிற லாரிக்காரர் பொறுமையிழப்பார் என்றாலும், டாக்ஸிக்காரர்கள் அதை விரும்பினார்கள். எலக்ட்ரானிக்ஸ் கிடையாது. ஸ்கேனரைச் செருக இடமில்லை. நோயை வண்டியிடமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

டீசல் இன்ஜினில் பொறி இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுமே, அதே சூட்டை நம்பித்தான் மொத்த இன்ஜினும் இருக்கிறது. உள்ளே இழுத்த காற்றை இந்த வகை இன்ஜின் 20 மடங்குக்கும் மேல் அமுக்குகிறது. நல்ல கம்ப்ரஷன் இருந்தால் அந்தக் காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த நொடியில் நாசில் 100 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் டீசலைப் பனிபோலத் தெளிக்க, அது தானே பற்றிக்கொள்கிறது. சூடு, டீசல், நேரம் ஆகிய மூன்றில் ஒன்று தவறினாலும் செல்ஃப் வெறுமனே சுற்றும். ருடால்ஃப் டீசலுக்கே இந்தத் தலைவலி இருந்தது. 1893இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவர் சோதித்த முதல் இன்ஜின் தானாக ஓடவே இல்லை. நம்பி விற்கத்தக்க இன்ஜின் கைக்கு வர 1897 ஆகிவிட்டது.

மூன்றில் எது தவறியது என்று சைலன்சர் சொல்லிவிடும். ஒருவர் சாவியைத் திருப்பட்டும், இன்னொருவர் பின்னால் போய் நிற்கட்டும். பத்து நொடி செல்ஃப் அடித்தும் புகையே இல்லையென்றால் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் நாசிலைக் கழற்றுகிறவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

புகையே இல்லாத கேஸ்தான் அதிகம், சரிசெய்யச் சுலபமும் அதுதான். முதலில் ஸ்டாப் கேபிளைப் பாருங்கள். பழைய டீசலை நிறுத்துவதற்கு பம்பில் ஒரு லீவர் உண்டு. அது ‘நிறுத்து’ நிலையிலேயே மாட்டிக்கிடந்தால் நாள் முழுக்க செல்ஃப் அடித்தாலும் ஒரு சொட்டு வராது. கேபிளுக்குப் பதில் சாலினாய்டு இருக்கும் பம்ப் என்றால், சாவி போட்டதும் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், இன்ஜினை ஏற்றிய அவசரத்தில் அந்த ஒற்றை ஒயரை மாட்ட மறந்திருக்கிறார்கள். பம்பைக் கழற்றி சர்வீஸ் கடைக்கு அனுப்பி, அங்கே பெஞ்சில் வைத்து ஓட்டி, “நல்லாத்தானே இருக்கு” என்று திரும்பி வந்த கதைகளில் பாதி இந்த ஒயரால் வந்தவை.

அடுத்தது ஏர். டீசல் லைனைக் கழற்றினால் காற்று புகுந்தே தீரும். பம்ப் திரவத்தைத் தள்ளும். காற்றுக் குமிழியைத் தள்ளச் சொன்னால் அது சுருங்கி விரியுமே தவிர, நாசிலைத் திறக்கிற அழுத்தம் வராது. ஏர் எடுப்பதை டாங்கிலிருந்து நாசிலை நோக்கி வரிசையாகச் செய்ய வேண்டும். ஃபீட் பம்பின் ஹேண்ட் பிரைமரை அடித்துக்கொண்டே ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தினால் நுரைத்துக்கொண்டு வரும். நுரை நின்று சுத்தமான டீசல் வழிந்ததும் இறுக்க வேண்டும். பிறகு பம்பின் ஸ்க்ரூ, அதையடுத்து நாலு நாசில் பைப்பின் நட்டுகள். நட்டுகளை ஒரு சுற்று தளர்த்திவிட்டு செல்ஃப் அடித்தால், ஒவ்வொன்றிலும் டீசல் துடித்துத் துடித்து வர வேண்டும். அங்கே விரலை வைத்துப் பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அது ஆபத்து. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

ஏர் எடுத்தும் மறுநாள் காலை மறுபடி நுரை வருகிறதா? எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. டாங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸ், பழைய செம்பு வாஷர், ஃபில்டர் கேஸ்கெட் இவற்றில் ஒன்று. உறிஞ்சும் பக்கத்து ஓட்டையில் டீசல் வெளியே கசியாது என்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கேனில் டீசலை இன்ஜினைவிட உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து நேராக ஃபீட் பம்புக்குக் குழாய் கொடுத்துப் பாருங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் குற்றவாளி டாங்குப் பக்கம்.

வெள்ளைப் புகை வேறு கதை. முதலில் ஹீட்டர் பிளக். பழைய வண்டிகளில் இதற்கு இரண்டு விதமான இணைப்புகள் உண்டு. வரிசையாக இணைத்த ரகத்தில் ஒன்று போனால் நாலும் செத்துப்போகும். தனித்தனியாக இணைத்த ரகத்தில் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு 12 வோல்ட் பல்பு வழியாகப் பிளக்கைத் தொட்டால் பல்பு எரிய வேண்டும். எரியாத பிளக் போய்விட்டது. சென்னை வெயிலில் ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ரிங் புதிது, போர் புதிது, இன்னும் ஒன்றோடொன்று படியவில்லை, கம்ப்ரஷன் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அந்த நிலையில் ஹீட்டரின் உதவி மே மாதத்திலும் வேண்டும்.

ஹீட்டர் சரியென்றால் டைமிங். இன்ஜின் வேலை செய்தவர்கள் நெஞ்சைத் தொட்டு யோசிக்க வேண்டிய இடம் இதுதான். ஒன்றாம் நம்பர் பிஸ்டன் ஒரு சுழற்சியில் இரண்டு முறை மேலே வருகிறது, கம்ப்ரஷனில் ஒரு தடவை, புகையை வெளியே தள்ள ஒரு தடவை. புல்லியில் உள்ள குறி இரண்டுக்கும் ஒன்றாகவே காட்டும். குறியை மட்டும் நம்பி பம்பை மாட்டினால், சைலன்சர் பக்கம் வால்வு திறந்திருக்கும் நேரத்தில் டீசல் பாய்ந்து, எரியாமல் வெள்ளையாக வெளியே போகும். டேப்பெட் மூடியைக் கழற்றி நாலாம் நம்பரைப் பாருங்கள். அதில் ஒரு வால்வு மூடி மற்றது திறக்கத் தொடங்கும் அந்த ‘ராக்’ நிலையில் இருந்தால்தான், ஒன்றாம் நம்பர் கம்ப்ரஷனில் இருக்கிறது. கெட்டிக்கார மெக்கானிக்குகள் பம்பைத் தொடாமலே இதை உறுதிசெய்வார்கள். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 என்பதால், பைப்புகளின் வளைவு இடம் கொடுத்தால், ஒன்றையும் நாலையும், இரண்டையும் மூன்றையும் மாற்றி மாட்டி செல்ஃப் அடித்தால் போதும். இன்ஜின் பிடித்துக்கொண்டால் பம்ப் அரைச்சுற்று தப்பாக உட்கார்ந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. காசு செலவில்லை, வாக்குவாதமும் அதோடு முடிந்துவிடும்.

காதையும் பயன்படுத்துங்கள். கம்ப்ரஷன் உள்ள இன்ஜினைச் சுற்றும்போது செல்ஃப் திணறித் திணறிப் போகும். தையல் மிஷின் மாதிரி சீராக, சுலபமாகச் சுற்றினால் காற்று எங்கோ ஓடுகிறது. வால்வையும் சீட்டையும் கிரைண்ட் செய்தபின் டேப்பெட் இடைவெளியைச் சரியாக வைக்காவிட்டால் வால்வுகள் முழுதாக மூடாது. நாசிலின் அடியில் பழைய செம்பு வாஷர் ஒட்டிக்கொண்டே இருக்க, அதன்மேல் புதியதைப் போட்டிருந்தாலும் கசியும். நாசிலைச் சுற்றிக் கொஞ்சம் ஆயில் விட்டுச் சுற்றினால் குமிழி வந்து காட்டிக்கொடுக்கும். கேஜ் வைத்து அளக்க நினைத்தால் பெட்ரோல் கார் கேஜ் உதவாது, டீசலுக்கு அளவு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் பேட்டரியைத் திட்டுவதற்கு முன் எர்த் பட்டையைத் தேடுங்கள். இன்ஜினை இறக்கி ஏற்றும்போது இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள அந்தப் பின்னல் பட்டையை விட்டுவிடுவார்கள், அல்லது பெயின்ட்டின் மேலேயே முடுக்கிவிடுவார்கள். மெதுவாக அமுக்கப்பட்ட காற்று சூடாவதற்குள் ஆறிவிடும்.

பொறுமை போய், ஏர் ஃபில்டரைக் கழற்றி ஈதர் ஸ்பிரே அடிப்பவர்களும், பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டுபவர்களும் உண்டு. ஹீட்டர் சிவந்திருக்கும்போது அது உள்ளே போனால், போன வாரம் காசு கொடுத்து மாற்றிய ரிங் உடையலாம். புது இன்ஜினை ஜீப்பில் கட்டி இழுப்பதும் வேண்டாம்.

ஸ்டார்ட் செய்ய முயல்வதற்கு முன்பே ஒரு பலகைத் துண்டை ஏர் இன்டேக் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பம்பைத் தவறாகக் கோத்திருந்தால் டீசல் இன்ஜின் கட்டுப்பாடில்லாமல் சீறும். சாவியை அணைத்தால் நிற்காது, காற்றை அடைத்தால்தான் நிற்கும். ஓடத் தொடங்கியதும் ஆயில் பிரஷரைப் பாருங்கள். தளர்த்திய நட்டுகளில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். சூடாகி ஆறியபின் கேஸ்கெட் தயாரிப்பாளர் சொன்னபடி ஹெட் நட்டுகளையும், அதன்பின் டேப்பெட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

அப்படி ஓடத் தொடங்கிய வண்டி மேட்டில் மட்டும் கரும்புகையாகக் கக்கினால் என்ன செய்வது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)