கடல் தாண்டும் பருந்துகளுக்கு முதல் கரை

முப்பத்தெட்டு கிலோமீட்டர் நமக்குப் பெரிய தூரமில்லை. கிள்ளானில் கொமுட்டர் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் கேஎல் சென்ட்ரல் வந்துவிடும். ஏறக்குறைய அவ்வளவுதான் அந்தத் தூரம். ஆனால் அத்தனையும் கடலாக இருந்து, நடுவில் உட்கார ஒரு கிளைகூட இல்லாமல், களைத்து இறங்கினால் மூழ்கிச் சாக வேண்டியதுதான் என்றால்? ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் வரை ஆயிரக்கணக்கான பருந்துகள் சுமத்ரா பக்கமிருந்து நம் நாட்டுக்கு அப்படித்தான் வந்து சேர்கின்றன. அவற்றில் பல முதலில் தொடும் கரை, போர்ட்டிக்சனுக்கு அருகே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தஞ்சோங் துவான்.

போர்ட்டிக்சன் என்றதும் நம்மில் பலருக்குத் தெலுக் கெமாங் கடற்கரையும், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுபோன சோறும், வாழைப்பழப் படகும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பாறைச்சரிவும் பழைய கலங்கரை விளக்கமும் கொண்ட ஒரு காடு இருக்கிறது. பருந்துகள் வரும் மார்ச் மாதத்தில், பல்கலைக்கழக நண்பர்கள் நால்வர் அங்கு போனோம்.

பெயரிலேயே பிளவு

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டரில் சிரம்பான், அங்கிருந்து பேருந்தில் போர்ட்டிக்சன், பிறகு வாடகைக் காரில் காட்டின் வாசல். சொந்தக் கார் இல்லாத மாணவர்களும் ஒரே நாளில் போய்வரலாம். விடியற்காலை ரயிலைப் பிடித்தால் போதும்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சுற்றிலும் நெகிரி செம்பிலான் மாநிலம். ஆனால் இந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. வரைபடத்தில் பார்த்தால், மலாக்காவிலிருந்து ஒரு துண்டு மட்டும் தனியே வந்து ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும்.

1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் இதற்கு வைத்த பெயர் 'காபோ ரச்சாடோ'. பிளவுபட்ட முனை என்று பொருள். கடலிலிருந்து பார்க்கும் மாலுமிக்கு முதலில் தெரிவது பாறைச்சரிவுதான் என்பதால், அந்தப் பெயர் நன்றாகவே பொருந்துகிறது. 16-ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் இங்கே ஒரு கலங்கரை விளக்கத்தை அமைத்ததாகச் சொல்லப்படுகிறது. இப்போது நாம் பார்க்கும் வெள்ளைக் கோபுரம் 1863-இல் எழுந்தது. 1606 ஆகஸ்டில் டச்சுக் கப்பற்படையும் போர்த்துகீசியக் கப்பற்படையும் மோதிக்கொண்டது இந்த முனைக்கு எதிரே உள்ள கடலில்தான். மலாக்கா டச்சுக்காரர் கைக்குப் போனது அதற்கும் 35 ஆண்டுகள் கழித்து, 1641-இல்.

இவ்வளவும் நடந்ததற்குக் காரணம் ஒன்றே: மலாக்கா நீரிணை இந்தப் பகுதியில் குறுகுகிறது. எதிர்க்கரையில் இருப்பது சுமத்ராவை ஒட்டிய ரூபாட் தீவு. கப்பலோட்டிகள் இந்தக் குறுகலைக் கண்டுபிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே பறவைகள் கண்டுபிடித்துவிட்டன.

காட்டுக்குள் ஏற்றம்

வாசலிலிருந்து கலங்கரை விளக்கம்வரை தார்ச்சாலை. செங்குத்தான ஏற்றம் என்பதால், பத்துமலைப் படிகளைப் பழக்கப்பட்ட கால்களுக்கும் மூச்சு வாங்கும். இரண்டு பக்கமும் கடலோரக் காடு. நீண்டவால் குரங்குகள் சாலையோரத்தில் வரிசையாக உட்கார்ந்து பைகளை எடைபோட்டன. தின்பண்டப் பொட்டலத்தின் சலசலப்பு கேட்டால் போதும், எழுந்து வந்துவிடும். நாம் போட்டுப் பழக்கியதன் விளைவு அது. உணவு கொடுக்காமல், பையை மூடிக்கொண்டு நடப்பதே இருவருக்கும் நல்லது.

மேலே ஏறியதும் மரங்களுக்கிடையே கடல் தெரிகிறது. ஒற்றையடிப் பாதைகளில் இறங்கினால் பாறைக்கரைக்கும் சிறிய மணல்திட்டுகளுக்கும் போகலாம். அங்கே அலைகள் பாறையைக் குடைந்து பொந்துகளாக்கியிருக்கின்றன. ஒவ்வோர் அலைக்கும் தண்ணீர் உள்ளே புகுந்து, சற்று நேரம் தங்கி, ஒரு பெருமூச்சோடு வெளியே வருகிறது. பாறையில் உள்ள ஒரு குழியை ஹங் துவாவின் காலடித் தடம் என்று மக்கள் காட்டுகிறார்கள். கரைக்கு இறங்குவோர் கடல் ஏற்ற இறக்க நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது அவசியம். தண்ணீர் ஏறிவிட்டால் பாறைகளுக்கிடையே திரும்பும் வழி மூடிக்கொள்ளும்.

காற்றைப் படிக்கும் பறவை

பருந்துகள் ஏன் இந்த முனையைத் தேர்ந்தெடுக்கின்றன? இயற்பியல் படித்தவர்களுக்கு விடை எளிது.

வெயில் ஏறியதும் தரை சூடாகிறது. தரையை ஒட்டிய காற்றும் சூடாகி, லேசாகி, மேலே எழுகிறது. அகன்ற சிறகுள்ள பறவை அந்தக் காற்றுத்தூணுக்குள் நுழைந்து, சிறகடிக்காமலே வட்டமிட்டு உயர்கிறது. உச்சிக்குப் போனதும் சரிவில் இறங்குவதுபோல் நீண்ட தூரம் மிதந்து அடுத்த காற்றுத்தூணைப் பிடிக்கிறது. மின்தூக்கியில் ஏறி, சறுக்குமரத்தில் இறங்கி, மறுபடியும் மின்தூக்கி! செலவாகும் சக்தி மிகக் குறைவு.

கடலின் மேல் இந்த வசதி கிடைப்பதில்லை. தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும். பறவையைத் தூக்கிவிடும் அளவுக்குக் காற்று அங்கே எழுவது அரிது. எனவே கடலைக் கடக்கும் பருந்து தன் தசைபலத்தால் சிறகடித்தே ஆகவேண்டும். கடல் எங்கே குறுகலோ அங்கே கடப்பதுதான் புத்திசாலித்தனம். காலையில் சுமத்ரா பக்கத்தில் தரை சூடாகும்வரை காத்திருந்து, முடிந்த அளவு உயரம் பிடித்துப் புறப்படுகின்றன. நடுக்கடலில் மழை பிடித்தாலோ எதிர்க்காற்று வீசினாலோ, அந்த உயரமும் உடலில் உள்ள சக்தியுமே அவற்றின் சேமிப்பு.

அதனால்தான் இந்த முனைக்கு வந்து சேரும்போது பருந்துகள் தாழ்வாக வருகின்றன. உயரமெல்லாம் கடலில் செலவாகியிருக்கும். நாங்கள் பார்த்த முதல் கூட்டத்தில் ஒன்பது பறவைகள். தொடுவானத்தில் மிளகு தூவியதுபோல் இருந்தவை, பத்து நிமிடத்தில் சிறகும் வாலுமாகத் தெளிந்தன. சிறகடிப்பு கனமாக இருந்தது. காட்டுக்கு மேல் வந்த மறுகணமே அடிப்பதை நிறுத்திச் சிறகை விரித்தன. பாறையிலிருந்தும் காட்டிலிருந்தும் எழுந்த காற்று அவற்றைத் தாங்கிக்கொண்டது. வட்டம் வட்டமாக ஏறி, வடக்கே திரும்பி மறைந்தன. எங்களில் யாரும் பேசவில்லை. கைப்பேசியை எடுக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

தேன்பருந்தின் நெடும்பயணம்

இங்கு அதிகமாக வருவது தேன்பருந்து. பெயர் அப்படியே தவிர, தேன் அதன் முக்கிய உணவன்று. தேன்கூட்டையும் குளவிக்கூட்டையும் கிழித்து, உள்ளே இருக்கும் புழுக்களைத் தின்னும். கொட்டுக்கு அஞ்சாதபடி அதன் முகத்தில் செதில்போல நெருக்கமான சிறு இறகுகள் உண்டு. உருவத்துக்குச் சிறிய தலை, சற்று நீண்ட கழுத்து. பறக்கும்போது புறாத்தலையை ஒரு பெரிய பருந்து உடலில் பொருத்தியதுபோல் இருக்கும். நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. வெளிர்நிறத்திலிருந்து ஏறக்குறையக் கறுப்புவரை அதில் பல சாயல்கள்.

சைபீரியா, வடகிழக்குச் சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய பகுதிகளில் இவை குஞ்சு பொரிக்கின்றன. குளிர்காலத்தைக் கழிக்க நம் பக்கமாகத் தெற்கே இறங்கி, சுமத்ரா, ஜாவா, போர்னியோவரை போகின்றன. பிறகு வந்த வேலை முடிந்ததென்று திரும்புகின்றன. துணைக்கோள் கருவி பொருத்தி ஜப்பானிய ஆய்வாளர்கள் பின்தொடர்ந்ததில், சில தேன்பருந்துகள் ஒருவழிப் பயணத்தில் மட்டுமே ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் பறப்பது தெரியவந்தது. ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள பறவை. கையில் கடப்பிதழ் இல்லை, வழிகாட்டும் செயலி இல்லை.

தேன்பருந்தோடு, தலையில் கொண்டை வைத்த கறுப்பு வெள்ளை 'பாசா' பருந்துகளும், சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரும் சிறு வல்லூறுகளும் இதே வழியில் கடக்கின்றன.

எண்ணுவதும் ஒரு தொண்டு

1940-இல் தொடங்கப்பட்ட மலேசிய இயற்கைச் சங்கம், 2000-ஆம் ஆண்டு முதல் இங்கே 'ரேப்டர் வாட்ச்' என்ற பருந்து பார்க்கும் விழாவை நடத்திவருகிறது. வழக்கமாக மார்ச் மாதத்தில் நடக்கும். விழா நாள்களோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பருவம் முழுவதும் தன்னார்வலர்கள் வெயிலில் நின்று, வரும் பருந்துகளை இனவாரியாக எண்ணிக் குறிக்கிறார்கள். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற முதியவர் கட்டைவிரலால் எண்ணும் கருவியை அழுத்திக்கொண்டே, மறுகையில் தொலைநோக்கியைப் பிடித்திருந்தார். ஒரே ஆண்டின் எண்ணிக்கையை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. பல ஆண்டுக் கணக்கு வரிசையாக இருந்தால்தான் ஓர் இனம் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். சைபீரியக் காட்டில் ஒவ்வொரு கூட்டையும் தேடிப் பார்க்க யாராலும் முடியாது. ஆனால் எல்லாப் பறவையும் ஒரு வாசல் வழியாக வரும்போது, அந்த வாசலில் நின்று எண்ணிவிடலாம். தாய்லாந்தின் சும்போனிலும் தெற்கு நோக்கிப் போகும் பருவத்தில் இப்படி எண்ணுகிறார்கள்.

குடும்பத்தோடு வந்திருந்த ஒரு தமிழ்ப்பள்ளி மாணவன் என்னிடம், "அக்கா, அது கழுகா, பருந்தா?" என்று கேட்டான். பருந்து என்றேன். "அப்போ வல்லூறு?" என்றான் விடாமல். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பருந்து, கழுகு, வல்லூறு, வைரி, இராசாளி, கருடன் என்று இத்தனை சொற்களை நம் மொழி வைத்திருக்கிறது என்றால், நம் முன்னோர் வானத்தை உற்றுப் பார்த்திருக்கிறார்கள் என்றுதானே பொருள். இன்றும் கும்பாபிஷேகத்தில் கலசத்துக்கு நீர் ஊற்றும் வேளையில் கருடன் வட்டமிடுகிறதா என்று கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்க்கும். அந்தப் பார்வையை ஆண்டில் இன்னும் சில நாள்களுக்கு நீட்டினால் போதும்.

சிறிய காடு, பெரிய கடன்

தஞ்சோங் துவான் காட்டை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நடந்து கடக்க அதிக நேரம் ஆகாது. ஒரு பக்கம் கடல், மற்ற பக்கங்களில் சாலையும் தங்கும் விடுதிகளும். எதிரே, உலகின் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்று. இவ்வளவு சிறிய காடு இருந்தாலென்ன, போனாலென்ன என்று யாரும் கேட்கலாம். பரப்பளவை மட்டும் அளந்தால் இந்தக் காட்டின் மதிப்பு தெரியாது. பத்தாயிரம் கிலோமீட்டர் பயணத்தில் மிகக் கடினமான கட்டத்தின் முடிவில் இருக்கும் கரை இது. களைத்து வந்த பறவைக்கு உட்கார மரமும், தின்ன இரையும், ஏறிப்போகக் காற்றும் இங்கே இருந்தாக வேண்டும். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு ஒரே ஓய்விடம் என்றால், அதன் பரப்பளவைப் பார்த்தா நாம் மதிப்போம்?

இதே பாடம் நம் வீட்டுக்கருகிலும் இருக்கிறது. பத்துமலைக் குகைகளில் வாழும் தேனுண்ணும் வௌவால்கள் இரவில் பல பத்து கிலோமீட்டர் பறந்து, கடற்கரை அலையாத்திக் காட்டின் பூக்கள்வரை போய்த் திரும்புவதை 1970-களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். நாம் விரும்பி உண்ணும் டுரியானின் பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பதும் அவைதான். கடற்கரைக் காடு அழிந்தால் குகை வௌவாலுக்கு உணவு குறையும். வௌவால் குறைந்தால் டுரியான் காய்ப்பும் குறையும். குகையை மட்டும் காப்பாற்றினால் வௌவால் பிழைக்காது. சைபீரியக் காட்டை மட்டும் காப்பாற்றினால் தேன்பருந்தும் பிழைக்காது.

போக விரும்பும் மாணவர்களுக்குச் சில வார்த்தைகள். பருந்துகள் காலை பத்து மணிக்குப் பிறகுதான் வரத் தொடங்கும். பிற்பகல்வரை பொறுமை வேண்டும். தொப்பி, நிறைய தண்ணீர், முடிந்தால் இரவல் வாங்கியாவது ஒரு தொலைநோக்கி. கொண்டுபோகும் குப்பை உங்களோடே திரும்பட்டும். ஒலிபெருக்கியும் டிரோனும் வீட்டிலேயே இருக்கட்டும். பள்ளியின் அறிவியல் கழகமோ பல்கலைக்கழகத் தமிழ்க் கழகமோ ஒரு பேருந்து ஏற்பாடு செய்தால் நாற்பது பேர் போகலாம். எண்ணும் பணியில் சேர விரும்பினால் இயற்கைச் சங்கத்தைக் கேளுங்கள். பார்த்துக் கற்றுக்கொள்ளும் பொறுமை இருந்தால் போதும்.

போக முடியாதவர்கள், அடுத்த மார்ச்சில் வெயில் உள்ள ஒரு நாளில், பகல் பதினொரு மணி வாக்கில் வீட்டு மாடியிலிருந்தோ கல்லூரித் திடலிலிருந்தோ வானத்தைப் பாருங்கள். கடலைக் கடந்த பருந்துகள் தீபகற்பத்தின் வழியேதான் வடக்கே போகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் மேலும் சில கூட்டங்கள் கடக்கக்கூடும். சிறகடிக்காமல் வட்டமிட்டு உயரும் சில புள்ளிகள் கண்ணில் பட்டால், நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டும் குறியுங்கள்.