எல்லாக் கருவிக்கும் ஒரே ரிமோட்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை



செல் விற்காத மளிகைக் கடை நம்மிடையே அரிது. "ரிமோட் வேலை செய்யவில்லை, இரண்டு செல் கொடுங்கள்" என்று வாங்கிச் செல்பவர்களில் சிலர் மறுநாளே அதைத் திருப்பிக் கொண்டு வருவார்கள். செல்லில் பழுது இருக்காது. ரிமோட்தான் செத்துப் போயிருக்கும். அடுத்து அவர்கள் கேட்பது, "எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ரிமோட் வருதாமே அண்ணாச்சி, அதை வாங்கலாமா?" என்பதுதான். செல், டார்ச், பல்பு மொத்த வியாபாரத்தில் இருப்பவன் என்பதால் சில்லறைக் கடைக்காரர்களும் இதே கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள். ஆகவே தெரிந்ததை எழுதுகிறேன். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லவும் உதவும், நம் வீட்டுக்கும் உதவும்.

காலையில் கடை திறந்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிற நமக்கு டி.வி. பார்க்க நேரம் ஏது? பகலில் பார்ப்பவர்கள் நம் வயதான தாய் தந்தையர்தான். அவர்கள் முன்னால் டி.வி.க்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, சவுண்ட் பாருக்கு ஒன்று, பிள்ளைகள் படம் பார்க்க மாட்டியிருக்கும் ஸ்டிக்குக்கு ஒன்று என நான்கு ரிமோட் கிடக்கும். கைதவறி 'சோர்ஸ்' பட்டனை அமுக்கிவிட்டால் திரையில் 'நோ சிக்னல்' என்று வந்து நிற்கும். பேரன் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை அந்தக் கிழவி வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதை ஆடம்பரச் செலவு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

ஒளியா, ரேடியோவா?

எந்த ரிமோட் வாங்குவதானாலும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நம் வீட்டுக் கருவி ஒளியைக் கேட்டு வேலை செய்கிறதா, ரேடியோ அலையைக் கேட்டு வேலை செய்கிறதா என்பதே அது. பெரும்பாலான டி.வி., செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிபையர் எல்லாம் ஒளியைக் கேட்பவை. ரிமோட்டின் முனையில் உள்ள சிறு பல்பு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விட்டு விட்டு மின்னுகிறது. பெரும்பாலானவை விநாடிக்குச் சுமார் 38,000 துடிப்பு வீதம் மின்னுகின்றன. சோனியின் முறை 40,000, பிலிப்ஸின் பழைய முறை 36,000. அந்தத் துடிப்புகளைச் சேர்த்தும் இடைவெளி விட்டும் அனுப்பும் விதத்தில்தான் 'சத்தத்தைக் கூட்டு', 'சேனலை மாற்று' என்ற கட்டளைகள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனிக் குறியீடு வைத்துக்கொண்டதால்தான் ஒன்றின் ரிமோட் மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. (1955-இல் அமெரிக்காவின் ஜெனித் கம்பெனி சாதாரண ஒளியிலேயே இயங்கும் ரிமோட் ஒன்றை விற்றது. வீட்டுக்குள் வெயில் அடித்தாலே டி.வி. தானாகச் சேனல் மாற்றிக்கொண்டதாம். குறியீடு இல்லாத ஒளியின் கோளாறு அது.)

இந்த ஒளி சுவரைத் தாண்டாது, மரக்கதவைத் தாண்டாது. டி.வி.யின் கண்ணுக்கு முன்னால் பூச்சாடியை வைத்துவிட்டு ரிமோட்டைக் குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

ரேடியோ அலையில் இயங்குபவை வேறு வகை. அமேசான் பயர் டி.வி. ஸ்டிக் டி.வி.யின் பின்னால் மறைந்து கிடக்கும். அதற்கு ஒளி போய்ச் சேராது, ஒளியை வாங்கும் கண்ணும் அதற்கு இல்லை. அதன் ரிமோட் புளூடூத் வழியே பேசுகிறது. ஆகவே கடையில் விற்கும் சாதாரண யுனிவர்சல் ரிமோட் எதுவும் அந்த ஸ்டிக்கை இயக்காது. எல்.ஜி.யின் மேஜிக் ரிமோட் போன்றவை இரண்டுங்கெட்டான் வகை: அம்புக்குறியும் பேசித் தேடுவதும் புளூடூத்தில் நடக்கும், அந்த டி.வி.க்கு ஒளியை வாங்கும் கண்ணும் இருக்கும். சாதாரண ரிமோட் வாங்கினால் சேனலும் சத்தமும் மாறும், பேசினால் கேட்காது. விற்பவர் இதைச் சொல்லாமல் விற்பதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

ரிமோட்டில் ஒளி வருகிறதா என்று பார்க்கச் செல்போனே போதும். கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேரே காட்டிப் பட்டனை அமுக்கினால், கண்ணுக்குத் தெரியாத ஒளி போன் திரையில் ஊதா அல்லது வெள்ளைப் புள்ளியாக மினுக்கும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் கேமராவில் பார்க்கவும். மினுக்கினால் ரிமோட் உயிரோடு இருக்கிறது, டி.வி.யைப் பார்க்க வேண்டும். மினுக்காவிட்டால் புதுச் செல் போட்டு மறுபடி பார்க்க வேண்டும். செல் கேட்டு வருபவரிடம் கல்லாவில் நின்றபடியே இந்தச் சோதனையைச் செய்து காட்டினால் மறுநாள் செல் திரும்பி வராது.

கையில் இருப்பதே போதுமா?

புது ரிமோட்டுக்குக் காசு கொடுக்கும் முன் வீட்டில் இருக்கும் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டைத் திருப்பிப் பாருங்கள். டி.டி.எச்., கேபிள் இரண்டிலுமே பல ரிமோட்டுகளின் ஒரு மூலையில் கோடு போட்டோ நிறம் மாற்றியோ நாலைந்து பட்டன்கள் தனியாக இருக்கும், பக்கத்தில் 'டி.வி.' என்றும் 'செட்' என்றும் எழுதியிருக்கும். அவை டி.வி. ரிமோட்டிடமிருந்து பாடம் கற்றுக்கொள்ளும் பட்டன்கள். வருடக்கணக்கில் யாரும் தொடாமல் கிடக்கின்றன.

'செட்' பட்டனைச் சில விநாடி அமுக்கிப் பிடித்தால் விளக்கு நின்று எரியும். இரண்டு ரிமோட்டையும் மேசைமேல் முனைக்கு முனை பார்க்கும்படி இரண்டு அங்குல இடைவெளியில் வைக்க வேண்டும். கற்க வேண்டிய பட்டனை இதில் ஒருமுறை அமுக்கிவிட்டு, டி.வி. ரிமோட்டில் அதே வேலைக்கான பட்டனை அமுக்கினால் விளக்கு மினுக்கி, கற்றுக்கொண்டதாகக் காட்டும். ஆன்–ஆப், சத்தம் கூட்ட, குறைக்க, சோர்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு மறுபடி 'செட்' அமுக்கினால் முடிந்தது. கம்பெனிக்குக் கம்பெனி இந்த முறை சிறிது மாறும். நேர் வெயிலில் வைத்துச் செய்ய வேண்டாம். செல் இரண்டிலும் புதிதாக இருக்கட்டும். பெரியவர்களுக்கு இத்துடன் ஒரே ரிமோட் ஆகிவிடும், பைசா செலவில்லை.

சவுண்ட் பாரும் ஸ்டிக்கும் எச்.டி.எம்.ஐ. கம்பியில் இணைந்திருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு கருவி மற்றொன்றுக்கு அந்தக் கம்பி வழியாகவே கட்டளை கொடுக்கும். சாம்சங் இதற்கு எனிநெட் பிளஸ் என்றும், எல்.ஜி. சிம்ப்ளிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் பெயர் வைத்திருக்கின்றன. டி.வி. மெனுவில் அதை ஆன் செய்து, சவுண்ட் பார் கம்பியை 'ஏ.ஆர்.சி.' என்று எழுதிய துளையில் மாட்டினால் டி.வி. ரிமோட்டிலேயே அதன் சத்தம் மாறும். செட்டாப் பாக்ஸ்கள் பலவற்றில் இது கிடையாது.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால்

சென்னை ரிச்சி தெருவிலும் ஊர்தோறும் உள்ள எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் அதே மாடலுக்கான மாற்று ரிமோட் கிடைக்கும். ஒரே கருவியின் ரிமோட் மட்டும் உடைந்ததென்றால் இதுவே நல்லது. பழைய ரிமோட்டின் முதுகில் அச்சடித்த எண்ணை எழுதிக்கொண்டு போக வேண்டும். டி.வி. மாடலைச் சொல்வதைவிட இது நிச்சயமான வழி.

அடுத்தது, பல கம்பெனிகளின் குறியீட்டை உள்ளே வைத்து வரும் ரிமோட். கூட வரும் தாளைப் பார்த்து மூன்று அல்லது நான்கு இலக்க எண்ணைக் கொடுக்க வேண்டும், அல்லது பட்டனை அமுக்கிப் பிடித்து அதுவாகத் தேடச் செய்ய வேண்டும். டி.வி. அணைந்ததும் "பொருந்திவிட்டது" என்று எழுந்துவிடுகிறார்கள். ஆன்–ஆப் மட்டும் பொருந்தி, மெனுவோ சோர்ஸோ பொருந்தாத எண்கள் உண்டு. சத்தம், எண் பட்டன்கள், மெனு, சோர்ஸ் எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்து, ஒன்று தவறினாலும் அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். பிறகு செல்லைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். மறந்துபோகிற ரிமோட் என்றால் செல் மாற்றும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

என் கணிப்பில் இதைவிடச் சிறந்தது கற்கும் ரிமோட்தான். ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் 1987-லேயே இவ்வகை ரிமோட் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கருவி எந்தக் கம்பெனி, ஊர் பேர் தெரியாத ஆம்ப்ளிபையரா என்ற கேள்வியே இதற்கு இல்லை; ஒளியில் இயங்கும் ரிமோட் ஒன்று எதிரே இருந்தால் போதும், கற்றுக்கொள்ளும். இதில் ஒரு கண்டிஷன் இருக்கிறது: சொல்லிக் கொடுக்கும் பழைய ரிமோட் உயிரோடு இருக்க வேண்டும். நம் ஜனங்கள் பழைய ரிமோட் தண்ணீரில் விழுந்து செத்த பிறகுதான் கடைக்கு வருகிறார்கள். அப்போது கற்கும் ரிமோட் வாங்கி என்ன பயன்? பட்டன் தேய ஆரம்பித்த உடனே, நன்றாக வேலை செய்யும்போதே வாங்கி, எல்லாப் பட்டனையும் ஏற்றி வைத்துவிட வேண்டும்.

ஒரே பட்டனில் எல்லாக் கருவியும் ஆன் ஆகும் என்று விற்பவற்றைக் கொஞ்சம் யோசித்து வாங்குங்கள். பல கருவிகளுக்கு ஆன் செய்யத் தனிக்கட்டளை, அணைக்கத் தனிக்கட்டளை என்று ரிமோட்டில் கிடையாது. ஒரே கட்டளைதான்; எரிந்தால் அணையும், அணைந்திருந்தால் எரியும். நம் ஊரில் கரண்ட் போய் வந்தால் சில செட்டாப் பாக்ஸ் தானாக ஆன் ஆகிவிடும், டி.வி. அணைந்தே இருக்கும். அந்த நேரத்தில் ஒரே பட்டனை அமுக்கினால் டி.வி. எரியும், பாக்ஸ் அணையும். திரும்ப அமுக்கினால் தலைகீழாகும். இரண்டுக்கும் தனித்தனி ஆன்–ஆப் பட்டன் உள்ள ரிமோட்டே வீட்டுக்கு நல்லது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க லாஜிடெக் கம்பெனி ஹார்மனி என்ற விலையுயர்ந்த ரிமோட்டுகளை விற்றது. 2021-இல் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. அதை அமைக்கவே கம்பெனியின் இணையதளம் வேண்டும் என்பதால் மிச்சச் சரக்கை யாராவது தள்ளுபடியில் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன். வைபையில் மாட்டிச் செல்போனால் இயக்கும் சிறு பெட்டிகள் பிள்ளைகளுக்குச் சரி. பெரியவர்களுக்குத் தடவிப் பார்த்து அமுக்கப் பட்டன் வேண்டும், அதுவும் பெரிய எழுத்தில்.

கடையில் வைத்து விற்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாடல் வாரியான ரிமோட்டுகளை வாங்கி அடுக்காதீர்கள். எந்த மாடல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, முடங்கிய சரக்காகிவிடும். கற்கும் ரிமோட்டில் ஒரே வகை மட்டும் அரை டஜன் வைத்தால் போதும். "ஸ்டிக்குக்கு வேலை செய்யாது, பழைய ரிமோட் இருந்தால்தான் கற்கும்" என்று விற்கும்போதே சொல்லி, பில்லிலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடையில் செல் போட்டு, போன் கேமராவில் ஒளியைக் காட்டிய பிறகே பணத்தை வாங்குங்கள்.

காசு போன்ற வட்ட செல் போடும் தட்டை ரிமோட்டுகளைக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. அந்த செல்லைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அரித்துப் புண்ணாக்கிவிடும், உயிருக்கே ஆபத்து. சந்தேகம் வந்தாலே உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். செல் மூடியில் திருகாணி இல்லாததை விற்காதீர்கள். தனியாக விற்கும் வட்ட செல் அட்டையையும் மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கவிட வேண்டாம்.

புது ரிமோட் வந்ததும் பழையதைக் குப்பையில் போட வேண்டாம். டி.வி.யின் உள் அமைப்புகளை மாற்ற அதுதான் தேவைப்படும், புதியது உடைந்தால் அடுத்ததற்குச் சொல்லிக் கொடுக்கவும் அதுவே வேண்டும். செல்லை மட்டும் கழற்றிவிடுங்கள், உள்ளேயே கிடந்தால் கசிந்து தகட்டை அரித்துவிடும். எந்தக் கருவியின் ரிமோட் என்று ஒரு சீட்டு ஒட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டுப் பீரோவில் வைத்துவிடுங்கள்.