தோலைப் பிணைக்கும் புரதம்

ஐதராபாத்தில் 1591ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட சார்மினாரின் கற்களைச் சுண்ணாம்புக் காரை பிணைத்துள்ளது. நம் தோலின் செல்களைப் பிணைப்பவை புரதங்கள். அவற்றுள் ஒன்று டெஸ்மோகிளின். அண்டை செல்கள் இரண்டிலிருந்தும் இப்புரதம் வெளியே நீண்டு, இடைவெளியில் ஒன்றையொன்று பற்றிக்கொள்கிறது. செல்லின் உள்ளேயோ, அது வேறு புரதங்களின் வழியே கெரட்டின் இழைகளோடு கட்டப்பட்டுள்ளது. அதனால்தான் இழுத்தாலும் தோல் எளிதில் கிழிவதில்லை. சுண்ணாம்பில் உள்ள அதே கால்சியம் இப்பிடிப்புக்கும் வேண்டும் என்பது வியப்பன்றோ!

பெம்பிகஸ் என்னும் நோயில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்களே டெஸ்மோகிளினைப் பகையெனக் கருதித் தாக்குகின்றன. பிடி தளர்ந்த செல்கள் விலக, இடையே நீர் கோத்துக் கொப்புளம் எழுகிறது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி நோயாளியை ஒதுக்குவோர் உளர். இந்நோய் தொற்றாது, மருந்தும் உண்டு.